எதிர்ப்பக்கம் சுற்றிய நான்கு வருடங்கள்

என் அண்ணனிடம் கதவைத் திற என்று சொன்னாலே போதும், பாடம் ஆரம்பித்துவிடும். கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினால் கதவு ஏன் கனக்கிறது, கைப்பிடியில் தள்ளினால் ஏன் லேசாகப் போகிறது என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் வெளியே நிற்கிற ஆளுக்குக் கால் கடுத்துவிடும். "மொதல்ல திறந்து தொலை, அப்புறம் கிளாஸ் எடு" என்று நான் உள்ளே இருந்து கத்துவேன். எனக்கு முன்கோபம் என்று தெருவே சொல்லும். இவனோடு ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கருகிப்போன மோட்டாரைப் பிரிப்பான், எரிந்த செம்புக் கம்பியை உருவுவான், எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு அதே கணக்கில் புதுக் கம்பியைச் சுற்றுவான். வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, தொழிற்சாலைக்கே கொண்டுபோய் மாட்டியும் கொடுப்பான். போகிற இடமெல்லாம் காயில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்பார்கள். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது, எங்கள் வீட்டு முன்னறையில் பாதிதான். மறுபாதியில் நான் தையல் இயந்திரம் போட்டிருந்தேன். அவனுடைய வார்னிஷ் வாடை என் துணிகளில் ஏறும். என் நூல்பிசிறு அவன் காயிலில் ஒட்டும். அதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

அவனைப் பொறுத்தவரை உலகத்தில் சுற்றுகிற பொருள், சுற்றாத பொருள் என்று இரண்டே வகைதான். சுற்றாததைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. வீட்டுக் கூரை ஒழுகினால்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் அண்ணாந்து பார்ப்பான். ஆனால் மின்விசிறி லேசாக ஆடினால் சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டு நாற்காலிமேல் ஏறிவிடுவான்.

அவனுக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் எனக்கும் அண்ணிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுழற்றிவிட்டு, "எந்தப் பக்கமா சுத்துது, சொல்லுங்க" என்றான். நான் வலப்பக்கம் என்றேன். எதிரே இருந்த அண்ணி இடப்பக்கம் என்றாள்.

"ரெண்டும் சரி" என்றான் பெருமையாக. "ஒரே சக்கரம்தான். எங்க நின்னு பாக்கிறோம்கிறதைச் சொல்லாம, எந்தப் பக்கம் சுத்துதுன்னு சொல்லவே முடியாது."

"அடேயப்பா" என்றாள் அண்ணி. "அப்ப எனக்கும் உங்க தங்கச்சிக்கும் சண்டை வந்தா ரெண்டு பேரும் சரின்னு சொல்லித் தப்பிச்சுக்குவீங்க, அப்படித்தானே?"

அண்ணிக்கு வாய் ஜாஸ்தி. எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். உறவுக்குத்தான் அண்ணி, வயதில் என்னைவிட மூன்று மாதம் சின்னவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை, நான் கல்யாணமே கட்டிக்கொள்ளவில்லை. மூன்று பேருமாக அந்த இரண்டரை அறை வீட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இருந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம், பொய் சொல்வானேன்.

அவள் பித்தளைக் குழாய் செய்கிற தொழிற்சாலையில் மெருகுக் கூடத்தில் வேலை பார்த்தாள். எட்டுப் பெண்கள், எட்டுத் துணிச் சக்கரம். மணல் அச்சில் வார்த்து வருகிற குழாயை வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தில் அழுத்திப் பிடித்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். அப்போது கிளம்புகிற கறுப்புத் தூசி மாவைவிட நைசாக இருக்கும். அதை இழுப்பதற்கு ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் தகரத்தில் ஒரு வாய் வைத்திருந்தார்கள். எட்டு வாயும் ஒரே குழாயில் சேர்ந்து சுவருக்கு வெளியே இருக்கிற பெரிய ப்ளோயருக்குப் போகும். அது உறிஞ்சித் தூசியைப் பைகளில் தள்ளிவிடும். அந்த ப்ளோயரின் மோட்டார்தான் ஒருநாள் கருகியது. காயில் கட்ட அண்ணனைக் கூப்பிட்டார்கள். இது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொழிற்சாலை மோட்டாருக்கு மின்சாரம் மூன்று ஒயரில் வரும். அதில் ஏதாவது இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் மாட்டி முடித்ததும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். சுவிட்சைப் போட்டு உடனே அணைத்து, தண்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்து, வெளிக்கூட்டின்மேல் எழுதியிருக்கிற அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். ஒரு நிமிட வேலைதான். அண்ணன் அதை மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

அன்றைக்கு அம்புக்குறி தெரியவில்லை. கூடு முழுவதும் விரல்கடை கனத்துக்குத் தூசி இறுகிப்போயிருந்தது. அதைச் சுரண்ட வேண்டும், தண்டை மூடியிருக்கிற தகரத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே எட்டுப் பேரும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னங்க, இன்னைக்குள்ள முடியுமா, இல்ல நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கட்டுமா?" என்று கிண்டல் செய்தாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒயரைச் சேர்த்து முடுக்கிவிட்டு ஓட்டினான். உள்ளே போய் ஒரு தகர வாய்க்குக் கீழே காகிதத்தைப் பிடித்தான். காகிதம் மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா, இழுக்குது" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள்.

காகிதம் ஒட்டினால் போதும் என்பது சாதாரண மின்விசிறிக்குச் சரி. விசிறி எதிர்ப்பக்கம் சுற்றினால் காற்றும் எதிர்ப்பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். ப்ளோயர் அப்படி இல்லை. ஈரத் துணியைப் பிழிகிற இயந்திரத்தின் தொட்டி வலமாகச் சுற்றினாலும் தண்ணீர் வெளியேதான் தெறிக்கும், இடமாகச் சுற்றினாலும் வெளியேதான் தெறிக்கும். ப்ளோயருக்குள் காற்றுக்கும் அதே கதிதான். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் அது இழுக்கவே செய்யும், ஆனால் பாதிகூட இழுக்காது. இது எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன்தான் எங்கள் வீட்டுத் துணி பிழிகிற இயந்திரத்தின் மூடியைத் திறந்து காட்டி, நான் கொட்டாவி விட விட, எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்து அண்ணி சாப்பிடும்போது சொன்னாள். "முன்ன மாதிரி இழுக்கலைங்க அது. சாயங்காலம் துப்பினா எச்சில் கறுப்பா வருது."

"பை அடைச்சிருக்கும். உதறச் சொல்லு மேஸ்திரிகிட்ட."

"உதறிட்டாங்க."

"அப்ப குழாய்ல எங்கயாவது ஓட்டை இருக்கும். மோட்டார்ல ஒரு குறையும் இல்லை, நான் கட்டினது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நான் கட்டினது என்று அவன் சொன்னால் அதற்குமேல் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

இரண்டு வருடத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. மூன்றாம் வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை, வேலையை விட்டாள். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இனி இளகாது என்றார். பிறகு கேட்டார்: "வேலை செய்யும்போது மூக்கை மூடித் துணி கட்டினீங்களா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "சில நாள் கட்டினேன். புழுக்கமா இருக்கும், பேச முடியாது. கழட்டிடுவேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. பயந்துபோன மனிதன் யார்மேலாவது எரிந்து விழ வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? "துணியைக் கட்டு, கட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? அங்க போய் அரட்டை அடிக்கணும் உனக்கு!" இருமி முடித்து அவள் கண்ணைத் துடைக்கும்போது சொல்லுவான். மருந்து வாங்கி வரும்போது சொல்லுவான். சொல்லிவிட்டு அவனே முதுகைத் தடவியும் விடுவான். அந்த வாயாடி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். தப்பு தன்மேல்தான் என்று நம்பிவிட்டாள். ஒருநாள் என்னிடம், "என் நாக்கே எனக்கு எமனாப் போச்சு பாரு" என்றாள்.

அவள் வீட்டோடு கிடந்து ஒரு வருடம் ஆனபோது அந்த ப்ளோயர் மோட்டார் மறுபடியும் கருகியது. மறுபடியும் காயில்காரரைக் கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை அண்ணன் ஒயரைக் கழற்றும்போதே மூன்றுக்கும் மூன்று நிறத் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொண்டான். என் தையல் கூடையிலிருந்து எடுத்துப்போன துணிதான். காயில் கட்டி எடுத்துக்கொண்டு போனபோது, மேஸ்திரி ப்ளோயரின் கூட்டைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்து வைத்திருந்தார். பழைய அம்புக்குறியின்மேல் சிவப்பில் எழுதியிருந்தார்கள். அண்ணன் அடையாளம் பார்த்துப் பழையபடியே ஒயரைச் சேர்த்தான். நேரம் இருந்தது, தகரத்தைக் கழற்றி ஒரு தட்டு தட்டிப் பார்த்தான்.

தண்டு அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது.

இன்றைக்கு எங்கேயோ தப்பாக மாட்டிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தானாம். துணிகளைப் பார்த்தான். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள். எதுவும் மாறவில்லை. எப்படி இருந்ததோ அப்படியேதான் மாட்டியிருந்தான். அப்படியானால் எப்போதும் அப்படித்தான் இருந்தது. போன தடவை மாட்டியவனும் அவனேதான்.

இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினான். தகர வாய்கள் எட்டும் அதிர்ந்தன. உத்தரத்தில் படிந்திருந்த பழைய தூசியெல்லாம் எழுந்து குழாய்க்குள் போனது. ஒரு பெண் மேஜைமேல் வைத்திருந்த கைத்துணியை அது வாரிக்கொண்டு போய்விட்டது. பெண்கள் சக்கரத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

மேஸ்திரி ஓடி வந்து அவன் தோளைத் தட்டினார். "காயில்காரரே, அசத்திட்டீங்க! இந்தத் தடவை என்ன மந்திரம் போட்டீங்க?"

அன்று மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்து நேராக என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உள்ளறையில் அண்ணி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து கண் மூடியிருந்தாள். படுத்தால் அவளுக்கு மூச்சு வராது. அண்ணன் எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "நான்தான் அவளைக் கொன்னுட்டேன்" என்றான். "கொன்னதும் இல்லாம வருஷம் பூரா அவளையே திட்டிக்கிட்டும் இருந்தேன். நான் போய்ச் சொல்லிடறேன்."

எழுந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"பைத்தியமா உனக்கு? இன்னும் எத்தனை நாளுன்னு டாக்டர் விரல் விட்டு எண்ணிச் சொல்லிட்டாரு. இப்பப் போய்ச் சொல்லி என்ன கிழிக்கப் போறே? உன் மனசு லேசாகணும், அதுக்கு அவ நெஞ்சுல ஏத்தி வைப்பியா?"

"தப்பு தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டே போயிடுவாளே."

"போகட்டும். புருஷன் கையால ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறதைவிட அது மேல். வாயை மூடிக்கிட்டு இரு. நான் சொல்றேன் இல்ல?"

அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், எனக்குப் பயம். அந்த வீட்டில் அவள் அவனை வெறுத்து, அதை நான் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே என்ற பயம். அண்ணன் சின்ன வயதிலிருந்தே சுற்றுகிற விஷயத்தில் என் பேச்சைக் கேட்டதில்லை, மற்ற எல்லா விஷயத்திலும் கேட்பான். அன்றைக்கும் கேட்டான்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. திட்டுவதை மட்டும் நிறுத்தினான். ஐந்தாம் நாள் அண்ணியின் அக்கா பார்க்க வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தானே இருந்தே, எப்படிடி இப்படி ஆச்சு?" என்று அழுதாள்.

"எல்லாம் என் திமிருக்கா" என்றாள் அண்ணி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு. "துணி கட்டுன்னு இவர் எவ்வளவோ சொன்னாரு. நான்தான் கேக்கலை. இல்லைங்க?"

அக்கா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தேன். கண்ணாலேயே அவனை அதட்டினேன்.

"ம்" என்றான் அண்ணன். "சொன்னேன்."

ஒன்பதாம் நாள் காலையில் அவனால் தாங்கவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. அவளுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவன் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒயர், அம்புக்குறி, காகிதம், ப்ளோயர் எல்லாவற்றையும் சொன்னான். வாழ்நாளில் முதல் தடவையாக, சுற்றுகிற ஒரு பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னான். முழுக் காற்று இழுத்திருந்தால் அவளுக்கு இது வந்தே இருக்காதா என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார், அவனும் அப்படிச் சொல்லவில்லை. "உன் மேல தப்பு இல்லை" என்று மட்டும் சொன்னான்.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னால இல்லையா?" என்றாள். மறுபடியும், "நிஜமாவே என்னால இல்லையா?" என்றாள். அழுதாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று அவள் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள். தலை வாரிவிடச் சொன்னாள். சொன்னது நல்லதாகத்தான் போயிற்று, நான்தான் மடச்சி என்று நினைத்துக்கொண்டு வாரிவிட்டேன்.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒம்பது நாள் ஆச்சு."

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். "அப்ப எங்கக்கா வந்தப்பத் தெரியும்."

அண்ணன் தலையாட்டினான்.

"ஒயரை மாத்திப் போட்டது கை தப்புங்க. சீக்கிரம் முடின்னு நானும்தான் கத்தினேன். அதை விட்டுடலாம்." மூச்சுக்காக நிறுத்தினாள். "எங்கக்கா முன்னாடி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே 'ம்'முன்னு நின்னீங்களே. அது எந்தக் கை பண்ணினது?"

நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். தங்கச்சி தடுத்தாள் என்று அவன் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தப்புதான்" என்றான்.

"மத்த ஏழு வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்க" என்றாள் அவள். "அவங்களும் தன் மேல தப்புன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

போனான். மறுநாள் காலையில் கிளம்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னான். இரண்டு பேர் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள், வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி போன வருடமே இறந்துபோயிருந்தாள். அவள் புருஷன் முழுவதையும் கேட்டுவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டு, கதவைச் சாத்திக்கொண்டானாம். மேஸ்திரி வீட்டுக்கே வந்து, இனிமேல் தொழிற்சாலைப் பக்கம் வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். விஷயம் பரவி மற்ற இடங்களிலும் கூப்பிடுவது நின்றுவிட்டது. முன்னறையில் அவனுடைய பாதி காலியாகக் கிடந்தது. வார்னிஷ் வாடை போய்விட்டதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அண்ணி அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாள் இருந்தாள். அவனோடு சண்டை போடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கும் மருந்துக்கும் என்னைக் கூப்பிட்டாள். முதுகைத் தடவ அவன் கை வந்தால் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொள்வாள். அவன் கையை எடுத்துவிடுவான். இரண்டு தடவை அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "நான்தான் சொல்லாதேன்னு சொன்னேன்னு சொல்லிடு" என்றேன். "அவளுக்கு நீயாவது வேணும்" என்றான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாதது எனக்கு வசதியாக இருந்தது.

கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் நான் அவளுக்குக் கரண்டியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கால்மாட்டில் சுவரோடு உட்கார்ந்திருந்தான். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"இந்த வீட்டுல என்கிட்ட ஒளிக்காம இருந்தது நீ ஒருத்திதான்" என்றாள்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் கரண்டியை மறுபடியும் தண்ணீரில் முக்கி அவள் வாய்க்குக் கொண்டுபோனேன்.